அனகின் அம்மாவை மீட்க யாரும் போகவில்லை

ஸ்டார் வார்ஸ் படங்களில் ஜெடாய் வீரனாக இருந்த அனகின் ஏன் கெட்டான் என்று கேட்டால் எல்லாரும் 2005-இல் வந்த படத்தைத்தான் சொல்வார்கள். மனைவி செத்துவிடுவாளோ என்ற பயம், அவளைக் காப்பாற்றலாம் என்று குடியரசின் தலைவர் பால்பட்டீன் காட்டிய ஆசை. எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. விதை 1999 படத்திலேயே விழுந்துவிட்டது.

அதில் அடிமைச் சிறுவன் அனகின் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். அடிமை தப்பி ஓடினால் வெடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளேயே கருவி வைத்திருப்பதைச் சிறுவன் சர்வசாதாரணமாகச் சொல்கிறான். குடியரசில்தான் அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் இருக்கிறதே என்று, பின்னாளில் அவன் மனைவியாகும் பத்மே திகைக்கிறாள். குடியரசெல்லாம் இந்தப் பக்கம் கிடையாது என்கிறாள் அவன் அம்மா ஷ்மி. குடியரசைக் காக்கும் வாள்வீரர்களான ஜெடாய்கள் பையனை மட்டும் கூட்டிப்போனார்கள். பத்து வருஷம் ஆகியும் ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை. அவளை விலைகொடுத்து வாங்கி விடுவித்தது ஒரு சாதாரண விவசாயி. அத்தனை பெரிய குடியரசின் செனட்டில், ஜெடாய் சபையில், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

கடலூர்க்காரனுக்கு இந்தக் காட்சிக்குப் பதவுரை தேவையில்லை. சிப்காட் ஓரம் குடியிருப்பவர்களிடம் மாசுக்கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றிப் பேசிப்பாருங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்கத்தின் கால்வாய்க்காக நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்று காகிதம் சொன்னது. அறுப்பு முடியும்வரை பொறுக்கக்கூடாதா என்பதற்குக் காகிதத்தில் பதில் இல்லை.

என் அக்கா பையன் அன்றிலிருந்து வேறு ஆள். "எல்லாம் திருட்டுப் பசங்க மாமா. ஓட்டே வேணாம், ஒருத்தன் கையில குடுத்துடணும்." அனகினும் புல்வெளியில் பத்மேயிடம் இதைத்தான் பேசுவான். சர்வாதிகாரம் மாதிரி இருக்கே என்றால், வேலை நடந்தால் சரிதானே என்பான். மஞ்சக்குப்பம் டீக்கடைப் பெரியவர்களும் எமர்ஜென்சியில் எல்லாரும் டயத்துக்கு ஆபீஸ் வந்ததைச் சொல்வார்கள். 1976 ஜனவரி 31-இல் நம் மாநில ஆட்சியைக் கலைத்ததும், மிசாவில் பிடித்துப்போய் அடித்ததும் அந்தக் கதையில் வராது.

அக்கா பையன் கோபத்தைத் தப்பு என்று சொல்லமாட்டேன். சொன்னால் நானும் ஜெடாய் சபைதான். பயத்தோடு வந்த அனகினுக்கு ஜெடாய் குரு யோடா தந்தது பற்றறு என்ற உபதேசம். சபையில் நாற்காலி கொடுத்தார்கள், மாஸ்டர் பட்டம் இல்லை. காதுகொடுத்துக் கேட்டது பால்பட்டீன் மட்டும். நம்ம ஊரிலும் நொந்துபோன பையனைத் தேடி முதலில் வருகிறவர் பெரும்பாலும் சாதிச் சங்கத்து அண்ணன். வெள்ளம் வந்தால் அரிசி மூட்டையோடு நிற்பார். பிறகு வாட்ஸப் குழு, பிறகு பைக் பேரணி.

எனக்குப் பயமே அங்குதான். அனகினின் கோபம் செனட் மீது. வாள் இறங்கியது ஜெடாய் கோயிலில் இருந்த குழந்தைகள் மீது. இங்கே கோபம் கலெக்டர் ஆபீஸ் மீது. கல் விழுவது காலனி வீட்டுக் கூரையில்.

அதே ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நடக்கும் ஆண்டோர் தொடரில் கடற்கரையில் சும்மா நடந்துபோனவனுக்கு ஆறு வருஷம் சிறை. தண்டனை முடிந்தவர்களையும் வெளியே விடாமல் வேறு தளத்துக்கு மாற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் கைதிகள் எழுகிறார்கள். அடி விழுவது காவலர்களுக்கு, பக்கத்து மேசையில் வேலைபார்க்கிற கைதிக்கு இல்லை. அதுவரை வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று அதட்டிய மேஸ்திரி கினோ லாய்தான் எல்லாரையும் கிளப்பிவிடுகிறார். பையனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஜெடாயே இல்லாத ஸ்டார் வார்ஸா, போங்க மாமா என்கிறான்.