72 மணி நேரக் கெடு வறட்சிக்கு அல்ல

"பயிர் கருகினால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லுங்கள், காப்பீடு வந்துவிடும்" என்று வறட்சிக்கும் சேர்த்துச் சொல்வது தவறு. அந்தக் கெடு ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற தனி வயல் சேதத்துக்குத்தான். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வறட்சி இழப்பைத் தனி வயலாகப் பார்ப்பதில்லை, ஊருக்கே சேர்த்துக் கணக்கிடுவார்கள். அறிவிக்கப்பட்ட கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுப்பார்கள். உத்தரவாத மகசூல் (இழப்பை ஒப்பிட முன்பே நிர்ணயித்த விளைச்சல் அளவு) ஏக்கருக்கு 1,000 கிலோ, சராசரி 750 கிலோ என்றால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம், அங்கே பதிந்த எல்லோருக்கும். இறவையும் மானாவாரியும் தனித்தனியாக அறிவிக்கப்படாத பயிரில், கிணறு உள்ளவர்கள் சராசரியைத் தூக்கிவிட்டால் முழுக்கக் கருகிய மானாவாரிக்காரருக்கு ஒரு பைசா கிடைக்காது (அநியாயம்தான், விதி அப்படி). போன் போட்டுப் பயனில்லை. பரிசோதனை நடக்கும் நாளில் வயலுக்குப் போய் எடையைப் பாருங்கள். அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிப் பதிவு) உள்ள பயிரும் சர்வே எண்ணும் காப்பீட்டு ரசீதோடு ஒத்துப்போகிறதா என்றும் இப்போதே சரிபாருங்கள்.