மூன்று நொடி

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்த சாரைப் பற்றிக் கேட்டால், முதலில் அவருடைய கரும்பலகையைத்தான் சொல்வேன். இடது ஓரத்தில் தொடங்கி ஒரு வரியைக்கூடத் தாவாமல் கணக்கைப் போட்டுக்கொண்டே போவார். நாங்கள் எங்கே தடுமாறுவோம் என்பது அவருக்கு முன்பே தெரியும். அந்த இடம் வந்ததும் சாக்பீஸால் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிற்பார்.

ஒருநாள் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டார். ஒரு மாணவி எழுந்து சொன்னாள். பலகையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அழித்தார். "நீ சொன்னதுதான் சரிம்மா, நான்தான் தப்பா போட்டுட்டேன்" என்றார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அவர் மேல் எங்களுக்கு மரியாதை கூடத்தான் செய்தது.

அதே சார்தான் கேள்வி கேட்ட கையோடு முதல் பெஞ்சைப் பார்ப்பார். அங்கே எப்போதும் அதே நான்கு கைகள். மூன்றாவது பெஞ்சில் இருந்த நான் மனசுக்குள் பெருக்கி, கழித்து, விடைக்குப் பக்கத்தில் வரும்போது அவர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். சில மாதங்களில் மனசுக்குள் போட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவர் என்னை அடித்ததில்லை, ஒரு சொல் திட்டியதில்லை. ஆனாலும் எனக்குக் கணக்கு வராது என்று நான் முடிவுகட்டியது அந்த வகுப்பில்தான்.

இது அவர் ஒருவருடைய குறை இல்லை என்று பின்னால் தெரிந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து, 1970-களில் எழுதியிருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடி போலத்தான் காத்திருந்தார்களாம். அது 3 நொடியானதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பாடம் முடிக்க நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான், அந்தப் பாரம் பெரிது. ஆனால் நான் கேட்பது கூடுதலாக இரண்டு நொடி.

13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமை சொல்கிறார். ஆசிரியராகத் தகாதவர்களுக்கும் உவமைகள் உண்டு. அதில் ஒன்று முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றுவது ஒருவர், வளைந்துபோய்க் காய் கொடுப்பது வேறொருவருக்கு. எங்கள் சார் அறிவில் மலைதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. துலாக்கோல்தான் முன்பெஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அவரை முடத்தெங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூன்றாவது பெஞ்சில் ஒரு காய்கூட விழவில்லை.

பல வருடம் கழித்து அவரைப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நெகிழ்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வகுப்புல வாயே திறக்கமாட்டியேப்பா நீ, ஏன்?"

பதில் என்னிடம் இருந்தது. சொல்வதற்குள் அவரே, "சரி, சின்ன வயசு, கூச்சம்" என்று முடித்துக்கொண்டார்.