ஒரே தாளத்தில் கூடிய வட்டம்
கலையில் ஒத்த நாட்டமுடையோர் தமக்கென உருவாக்கிக்கொள்ளும் தனி வழக்கங்களான கலைசார் துணைப்பண்பாடுகளை, நான் படித்த ஒரு கட்டுரை இளைஞர்களின் தற்காலிகக் கலகமாக மட்டுமே பார்ப்பதை ஏற்க இயலவில்லை. விரைவுச்சாலை ஊடறுத்ததால் ஏராளமான குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்த நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்டு 11 அன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் இசைத்தட்டுக் கலைஞர் டிஜே கூல் ஹெர்க் நடத்திய இசை விருந்தையே ஹிப்ஹாப் என்னும் இசை, நடனப் பண்பாட்டின் பிறப்பாகப் பலரும் குறிப்பிடுகின்றனர். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, சில நொடிகளே வரும் தாளப் பகுதியை அவர் நீட்டிக்கொண்டே போக, ஆடுவோர் அதற்காகவே வட்டமாகக் கூடினர். அக்கம்பக்கமும் உறவும்தான் சமூகம் என்ற எண்ணம் அந்த வட்டத்தில் தளர்ந்தது. பெருநகரம் உறவுகளைக் கரைப்பதில்லை, ஒத்த நாட்டமுடையோரைப் போதிய எண்ணிக்கையில் சேர்த்துப் புதிய குழுக்களை உண்டாக்குகிறது என்று சமூகவியலாளர் கிளாட் ஃபிஷர் 1975இல் வாதிட்டதும் இதைத்தான். அதே நியூயார்க் நகரின் சோஹோ பகுதியில், கைவிடப்பட்ட ஆலைத் தளங்களில் குடியேறிய ஓவியர்களாலேயே அப்பகுதியின் மதிப்பு கூடி, பின்னர் அவர்களில் பலருக்கே வாடகை கட்டுப்படியாகாமல் போனதைக் கட்டுரை ஒரு வரியில்கூடத் தொடாதது வியப்பளிக்கிறது.