மிஷின் வாங்க காசு வருது, டீச்சருக்கு சம்பளம் கொடுக்கத்தான் காசு இல்ல

எங்க ஏரியா வாட்ஸப் குரூப்ல ஒவ்வொரு அரையாண்டு வீட்டு வரி கட்டறப்பவும் இதே சண்டதான். 2022ல பழைய சென்னைப் பகுதி வீடுகளுக்கு சைஸப் பொறுத்து 50ல இருந்து 150 சதவீதம் வரைக்கும் ஏத்துனாங்களே, அந்தக் காசெல்லாம் எங்க போச்சுன்னு. கேக்க வேண்டியதுதான், ஆனா கூடவே கட்டுனத ஓட்டுறதுக்கு காசு எங்கன்னும் கேக்கணும்னு எனக்குப் படுது.

கார்ப்பரேஷனுக்கு எதையாவது புதுசா கட்டணும்னா காசு எங்கிருந்தாவது வந்துடும். கொசஸ்தலையாறு பக்கத்து மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் பக்கம் ஜெர்மன் வங்கிக் கடன். கொடுங்கையூர் குப்பைமேட்ட கிளீன் பண்ண 2025ல 200 கோடிக்கு பாண்ட், அதாவது கடன் பத்திரம் போட்டு 7.97 சதவீத வட்டிக்கு மார்க்கெட்லயே வாங்கிட்டாங்க. கொளத்தூர்ல இருக்குற முதல்வர் படைப்பகம், பசங்க உக்காந்து படிக்கவும் லேப்டாப் வச்சு வேல பாக்கவும் சூப்பரான எடம், அது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டிக் கொடுத்தது.

கட்டி முடிச்சப்புறம்தான் சிக்கலே. எங்க வார்டு சமுதாயக்கூடத்து மாடில பெண்களுக்கு தையல் பயிற்சின்னு ஒரு ரூம் தெறந்தாங்க, ரிப்பன் வெட்டி போட்டோல்லாம் எடுத்தாங்க, இப்பப் போய் பாத்தா மிஷின் டேபிள்ல ஒட்டுன பிளாஸ்டிக் கவரக் கூட யாரும் பிரிக்கல, பூட்டுல துரு. வாட்ச்மேன் அண்ணன கேட்டா, "மிஷினுக்கு ஃபண்ட் வந்துச்சு சார், டீச்சருக்கு வரல"ன்றாரு. அவ்ளோதான் மேட்டர்.

ஏன்னா டீச்சர் சம்பளம், கரண்ட் பில், பாத்ரூம் கழுவுற ஆளு இதுக்கெல்லாம் எந்த பேங்கும் கடன் தராது. வீட்டு வரி, தொழில் வரி, பத்திரப் பதிவுல வர்ற பங்கு, மாநில நிதிக்குழு பிரிச்சுக் குடுக்கறது, இதுலதான் பாக்கணும். அதுலயும் தொழில் வரி கூத்த கேளுங்க. ஒரு ஆளுகிட்ட வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு அரசியல் சாசனத்துலயே இருக்கு, 1988ல வச்ச உச்சவரம்பு, இன்னிக்கும் அதேதான். அதனால மாசம் பதினஞ்சாயிரம் வாங்குற கடைப் பையனும் ஓஎம்ஆர்ல மாசம் மூணு லட்சம் வாங்குற மேனேஜரும் அரையாண்டுக்கு கட்டுறது அதே 1,250. டெல்லி பாத்து அந்த உச்சவரம்ப மாத்தாம, கார்ப்பரேஷன் ஆபீஸான ரிப்பன் மாளிகை அந்த மேனேஜர்கிட்ட ஒரு ரூபா கூட ஜாஸ்தி வாங்க முடியாது.

நடத்துற செலவையும் சேத்து கார்ப்பரேஷன் தலைல தூக்கிகிட்டு ஓடுறது எதுன்னு கேட்டா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அம்மா உணவகம். 2013ல ஒரு ரூபாய்க்கு வித்த இட்லி இன்னும் ஒரு ரூபாதான், தெனமும் நஷ்டம்தான். நஷ்டம்னு சொல்லி அத மூடச் சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. லோடு எறக்குறவரு காலைல அஞ்சு ரூபாய்க்கு பொங்கல் சாப்ட்டுட்டு வேலைக்குப் போறாரு, அதவிட பெரிய பொருளாதார வளர்ச்சித் திட்டம் என்ன இருக்கு?

கவுன்சிலர் நிதி 2025-26 பட்ஜெட்ல வார்டுக்கு 60 லட்சமாச்சு. நல்லதுதான், ஆனா கேக்குறவங்க எல்லாருமே பேவர் பிளாக், ஹைமாஸ்ட் லைட், கேட்டுல பேரு போட்ட ஆர்ச்சுன்னே கேக்கறோம். இருக்கறத ஓட்டுறதுக்கு ஆளு போடுங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அந்த நிதில சம்பளம் போட ரூல் எடம் குடுக்காதுன்னு சொன்னா, சரி, வேற எந்தத் தலைப்புல போடுவீங்கன்னு எழுதிக் கேட்டு வாங்கலாம்ல. அதுக்குத்தான 2022ல இருந்து ஏரியா சபான்னு ஏரியா மக்கள் கூடி குறை சொல்ற கூட்டம் ஒண்ணு வச்சிருக்காங்க. எங்க வார்டுல அடுத்தது எப்போன்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்கப்பா, தையல் ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னும் சேத்து.