பொன்னாடையை விற்றுப் பேப்பர் வாங்க முடியாது

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை விழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆயுள் முழுக்க வாட்டர் கலரில் வரைந்துவரும் நம் டிராயிங் அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு, சிறப்பு விருந்தினர் மைக்கில் சொன்னாரே: "வாட்டர் கலர் நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல பண்ணதுதான். அண்ணாச்சி இனிமேலாவது ஆயில்ல வரையணும், நல்ல விலைக்குப் போகும்." கூட்டம் கை தட்டியது. அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் செய்தது வேறு, இவர் செய்வது வேறு. ஆயிலில் தப்பு விழுந்தால் காயவிட்டு மேலே பூசிக்கொள்ளலாம். வாட்டர் கலரில் அந்த வசதி கிடையாது. வெளிச்சத்தில் தொடங்கி இருட்டுக்குப் போக வேண்டும்; இருட்டடித்த இடத்தில் பழைய வெளிச்சம் திரும்ப வராது. போதாததற்கு நம் ஊர் வெயில். சித்திரையில் வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரவலாக, இழுத்தால், பாதித் தாளுக்கு வருவதற்குள் மேலே காய்ந்து கோடு விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தாள் காயவே காயாது. இதையெல்லாம் சமாளித்து ஒரு ஆள் ஆயுள் முழுக்கப் பொதிகையையும் தாமிரபரணியையும் வரைந்திருக்கிறார்.

சின்ன வயதில் சனிக்கிழமைகளில் எங்களைக் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலுக்குக் கூட்டிப்போவார். பலகையை முழங்காலில் லேசாகச் சாய்த்து வைத்திருப்பார். இழுத்த நீலத்தின் கீழோரத்தில் தண்ணீர் திரண்டு நிற்கும். அது வழிந்து ஓடுவதற்குள் அடுத்த இழுப்பு இழுத்துவிடுவார். மலைக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் மட்டும்தான். ஒரு நாள் வயலில் கொக்கு நின்றது. நான் வெள்ளை டியூபை எடுத்து நீட்டினேன். "ஏலே, அது பேப்பர்லயே இருக்குல்லா" என்றார். பார்த்தால், பச்சைக்கு நடுவே நகக்கண் அளவு தாளை வண்ணம் படாமல் விட்டிருந்தார். கழுத்து வளைவுகூட அதில் இருந்தது. இதைத்தான் நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பண்ணினோமா?

வாட்டர் கலரைக் கீழே வைப்பது புதிதில்லை. இங்கிலாந்திலேயே எண்ணெய் ஓவியத்துக்குக் கிடைத்த மரியாதை கிடைக்காமல்தான் நீர்வண்ண ஓவியர்கள் 1804-ல் தனிச் சங்கம் அமைத்தார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1792-ல் தெற்கே பயணம் வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் நம் பாபநாசம் அருவியை வரைந்து போனார்கள். லண்டனில் அச்சான அந்தப் படத்தை "எங்க ஊர் பாருங்க" என்று நாமே வாட்ஸப்பில் அனுப்புகிறோம். அதே அருவியை நம் கண் முன்னால் வரைகிறவரிடம் "மீடியத்தை மாத்துங்க" என்கிறோம்.

அவர் பிழைப்பு எப்படி நடந்தது என்று மேடையில் ஒருவராவது சொன்னார்களா? அரசு கவின் கலைக் கல்லூரி என்றால் சென்னை, கும்பகோணம். அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் வசதியில்லை. அரசின் ஓவியத் தேர்வுகளான லோயர், ஹையர் எழுதி, ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஆனார். ராத்திரியில் கடைகளுக்கு போர்டு எழுதினார். ஃபிளெக்ஸ் வந்ததும் அதுவும் போயிற்று. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை எடுத்தபோது கொடுத்த சம்பளமே 5,000 ரூபாய். தனியார் பள்ளி எவ்வளவு கொடுத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நல்ல பருத்திப் பேப்பர் ஒரு முழுத் தாளே பல நூறு ரூபாய்.

அப்புறம் 2023 டிசம்பர் வெள்ளம். நெல்லை மீனாட்சிபுரத்தில் அவர் வீட்டுக்குள் ஆறு வந்தது. வாட்டர் கலரைத் தாளில் பிடித்து வைத்திருப்பது வெறும் பிசின். தண்ணீரில் ஊறினால் வண்ணம் கரைந்துவிடும். டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது நானும் இருந்தேன். குறுக்குத்துறை கோயில் எது, கொக்கிரகுளம் எது என்று தெரியவில்லை, எல்லாத் தாளிலும் ஒரே சாம்பல் நிறம். அன்றைக்கு எந்த அமைப்பும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது பொன்னாடையோடு வருகிறார்கள்.

"அண்ணாச்சியே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன?" என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு: அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அவரிடம் கற்றவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

"விருந்தினர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்." இருக்கட்டும். நல்ல எண்ணம் இருந்தால் ஒரு படத்தை வாங்கியிருக்கலாமே. வரிசையாக மாட்டி வைத்திருந்தார்களே, ஒன்றாவது விற்றதா?

"போனில் எடுத்தாலே இதைவிடத் தெளிவாக வருமே" என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

"விலைக்கு விற்கத் தெரிய வேண்டும்" என்பது நியாயம்தான். ஆனால் ஹாலுக்கு லட்ச ரூபாயில் டிவி மாட்டிய நண்பர் ஒருவர், அண்ணாச்சி நாலாயிரம் சொன்னதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "ரெண்டு மணி நேர வேலைதானே, குறைக்கச் சொல்லேன்" என்றார். சினிமாவில் நம்மை அரிவாளோடு காட்டினால் கோபப்படுகிறோம். நம் வயலையும் ஆற்றையும் உள்ளபடி வரைந்து வைத்திருப்பவரிடம் பேரம் பேசுகிறோம். என்ன ஊர்ப்பாசம் இது?

அடுத்த மாத விழாவில் அண்ணாச்சி மேடையிலேயே இலவசமாக வரைந்து காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கும் நண்பர்களுக்கு: இந்த முறை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை. பேப்பர் காசு, கார் வாடகை, வரைவதற்கான கூலி மூன்றையும் முதலில் சொல்லுங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கியதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.