டென்ட்டும் இருக்கிறது, டிரெய்லரும் இருக்கிறது

"டிரெய்லர்ல தூங்குறதுக்குப் பேர் கேம்பிங்கா?" என்று கிண்டல் செய்த நண்பர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். டிரெய்லர் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, உள்ளே கட்டில் போட்ட குட்டி வீடு.

சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் டென்ட்தான். முளை அடிப்பது அப்பா, கயிற்றை இழுத்துப் பிடிப்பது நான், குறை சொல்வது தங்கை. போன முறை ராத்திரி முழுக்க மழை. விடியற்காலையில் அம்மா தரையில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தார். மூன்றாவது முயற்சியில் எழுந்து, முட்டியைப் பிடித்தபடி, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினார். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன். அம்மா வராத கேம்பிங் எங்களுக்கு எதற்கு?

சரி, டிரெய்லர் வாங்கப் போனோம். எல்லோரையும் போல நானும் முதலில் மெத்தையைத்தான் அமுக்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது எங்கள் காரை! அது எவ்வளவு இழுக்கும் என்று தெரியாமல் டிரெய்லர் பக்கமே போகக் கூடாது. விற்பவர் சொல்வது பெரும்பாலும் காலி எடை. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ கூடிவிடும். மூட்டை முடிச்செல்லாம் தனி. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (காரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கி) மேல் உட்கார வேண்டும் என்பார்கள் (ஐரோப்பாவில் காரவான் என்று சொல்கிற டிரெய்லர்களுக்கு இன்னும் குறைவு). பாரத்தைப் பின்னால் அடைத்து முன்பக்கம் லேசாகிவிட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும்.

பழைய டிரெய்லர் என்றால் எதிரி உள்ளே கசியும் தண்ணீர்தான். முதலில் பார்த்தது பளபளவென்று இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறிய அட்டை மாதிரி உள்ளே போனது. அப்படியே திரும்பி வந்துவிட்டோம். டயரையும் பட்டன் தேயவில்லை என்று நம்பிவிடாதீர்கள், அதன் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம்.

மச்சான் பெரியதாக, டிவியோடு வாங்கச் சொன்னார். நான் பிடிவாதமாகச் சின்னதுதான் எடுத்தேன். உள்ளே வசதி கூடக் கூட யாரும் வெளியே வர மாட்டார்கள். எங்களுடையதில் நாலு பேர் எழுந்து நின்றாலே இடம் இல்லை, அதனால் எல்லோரும் வாசலில்தான் கிடக்கிறோம்.

ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரும்பாடு. ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். இதைக் காலி மைதானத்தில் பழகிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் நின்று, "லெஃப்ட்... லெஃப்ட்... உன் லெஃப்ட் இல்லடா, என் லெஃப்ட்!" என்று தொண்டை வறளக் கத்தினார்.

முதல் ராத்திரி அம்மா கட்டிலில் படுத்த அஞ்சு நிமிஷத்தில் குறட்டை. அப்பாவைக் காணோம். வெளியே டார்ச் வெளிச்சம். டிரெய்லருக்குப் பக்கத்திலேயே பழைய டென்ட்டைப் பாதி விரித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "வந்து கயிற்றைப் பிடி" என்றார்.