இனிப்பு ஸ்ரவுட்டும் பனங்கட்டிக் குட்டானும்

இம்பீரியல் ஸ்ரவுட் என்ற வலுவான கறுப்புப் பியருக்குள் தேங்காய், கொக்கோ, வனிலா என்று பலகாரச் சாமான்களைப் போட்டுக் காய்ச்சுவது பியரைக் கெடுக்கிற வேலை என்று சொல்பவர்கள் பலர். நான் அந்தக் கட்சி இல்லை. ஸ்ரவுட்டில் இனிப்பு இருப்பது பிழையே இல்லை. அந்த இனிப்பைத் தாங்கிப் பிடிக்க அடியில் கசப்பும் வறுவலும் போதாமல் போவதுதான் பிழை. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் போலிருக்கிறது. பனையடியில் வளர்ந்த எங்களுக்கு இந்த விசயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது என்று நம்புகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து மச்சான் வந்திருந்தார். கொடியேறி 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சமே இல்லை, அதற்குள் மதுவுக்கு எங்கே இடம்? பூங்காவனமும் வைரவர் மடையும் முடிந்த பிறகுதான் அவருடைய பெட்டியிலிருந்து அந்த ரின் வெளியே வந்தது. 473 மில்லிலீற்றர், மதுசாரம் 12 வீதம். வறுத்த தேங்காய்ப்பூ, கொக்கோ, வனிலா, லக்ரோஸ் என்ற பால்சீனி என்று அதில் எழுதியிருந்தது. இந்த வகைக்கு அங்கே பேஸ்ட்ரி ஸ்ரவுட் என்று பெயராம்.

முதலில் அந்த 12 வீதத்தைப் பற்றி. அந்த ஒரு ரின்னுக்குள் இருக்கும் தூய மதுசாரம் ஏறத்தாழ 57 மில்லிலீற்றர். இங்கே விற்கும் 4.8 வீதப் பெரிய பியர் போத்தல் இரண்டில் இருப்பதற்குச் சற்றுத்தான் குறைவு. ஆகவே ஒருவர் தனியே திறந்து தனியே முடிக்கிற சாமான் இல்லை இது. நாலு பேர் சின்னக் கிளாஸ்களில் பங்கிட்டோம். அவ்வளவும் போதும், உண்மையில் அதுவே அதற்கு உரிய அளவு.

பிறிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடிக்கவும் கூடாது. கடும் குளிரில் நாக்கு மரத்துப் போகும், மணமும் எழும்பாது. பத்துப் பன்னிரண்டு பாகைக்கு வந்தால்தான் இந்த ஸ்ரவுட் வாய் திறக்கும். ஐரோப்பாவில் அதற்குக் கனநேரம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். யாழ்ப்பாண வெக்கையில் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு ஒரு கதை கதைத்து முடிப்பதற்குள் பதம் வந்துவிடுகிறது.

நிறம் கறுப்பு. வெளிச்சத்துக்குப் பிடித்தாலும் ஓரத்தில் மட்டும் ஒரு செம்மை தெரிந்தது. நுரை கோப்பி நிறத்தில் எழும்பி உடனே அடங்கிவிட்டது. அதைக் குறையாக நான் எடுக்கவில்லை. தேங்காயின் எண்ணெய்ப் பசை நுரையை நிற்க விடாது, மதுசாரம் கூடினாலும் அப்படித்தான். முதல் மணம் தேங்காய்தான், அதுவும் நன்றாகச் சிவக்க வறுத்த தேங்காய்ப்பூ. வாயில் வைத்ததும் இனிப்பு, அப்புறம் கொக்கோ, அதற்குப் பின்னால் கறுக்க வறுத்த பார்லியின் கோப்பிக் கசப்பு. தொதல் கிண்டும்போது தாச்சியின் அடியில் பிடித்துக் கருகத் தொடங்கும் பகுதி இருக்கிறதே, பிள்ளைகள் சுரண்டித் தின்னச் சண்டை பிடிப்பது, அந்த ருசி நடுவில் வந்தது. நான் எதிர்பார்க்காத அழகு அது. விழுங்கின பிறகு நெஞ்சில் மெல்லச் சூடு பரவியது.

ஆனால் வனிலா கூடிப்போய்விட்டது. கிளாஸ் சூடேற ஏற மற்ற எல்லா மணத்தையும் அது மூடியது. கடைசி மிடறுகளில் தேங்காயையும் காணோம், வறுவலையும் காணோம், வனிலாவும் சீனியும் மட்டும்தான். முதல் பாதிக்கு நான் மனமாரப் புள்ளி போடுவேன், மற்றப் பாதிக்கு மாட்டேன்.

எங்களோடு இருந்த பக்கத்து வீட்டு அண்ணை ஒரு மிடறிலேயே கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். "பியர் எண்டா கைக்க வேணும் தம்பி. இனிப்பு வேணுமெண்டா நல்லூரடியிலை ஐஸ்கிறீம் குடிக்கலாம்தானே?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அந்தப் பியரின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இம்பீரியல் என்ற பட்டம் ருசிய அரண்மனையால் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டனின் சதர்க் பகுதியில் ஹென்றி திரேல் என்பவரின் பியர் ஆலை இருந்தது. 1781-இல் அவர் இறந்த பிறகு அது பார்க்ளே பேர்க்கின்ஸ் கைக்குப் போனது. அங்கே காய்ச்சிய வலுவான கறுப்புப் பியர் பால்டிக் கடல் வழியாக மகாராணி கத்தரீனின் அரண்மனைக்குப் போயிருக்கிறது. யோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர் 1796-இல் தன் நாட்குறிப்பில் இந்தப் பியரைக் குடித்ததை எழுதி வைத்திருக்கிறார். ருசிய மகாராணிக்கென்றே காய்ச்சியது, ஏழு வருடம் வைத்திருக்கலாம் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் குறித்திருக்கிறார். 1817-இல் டானியல் வீலர் மால்ட், அதாவது முளைவிட்ட பார்லி, வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை எடுத்தார். இரும்பு உருளைக்குள் சுழற்றிச் சுழற்றி, தீப்பிடிக்க விடாமல் கறுக்க வறுக்கிற முறை. இன்றைக்கு ஸ்ரவுட்டில் வரும் கோப்பி மணமும் சொக்லேட் மணமும் பெரும்பாலும் இந்த வறுவலின் பலன். ஆக, கோப்பியோ கொக்கோவோ ஒரு சிட்டிகை போடாமலேயே இந்தப் பியருக்குள் அந்த மணங்கள் இருக்கின்றன. பலகார வாசனை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதல்ல என்று அண்ணைக்கு நான் சொன்னது இதனால்தான்.

மரப்பீப்பாவும் அப்படித்தான். சிக்காகோவின் கூஸ் ஐலன்ட் பியர் ஆலை 1990களில் வலுவான ஸ்ரவுட்டை பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த ஓக் பீப்பாக்களில் ஊற வைத்து எடுத்தது. கருக்கிய ஓக் மரத்திலிருந்தே வனிலா மணம் தரும் வனிலின் இறங்கும். தேங்காய் மணம் தரும் லக்ரோன் என்ற பொருளும் ஓக்கில் இருக்கிறது. வனிலாக் காயும் இல்லாமல் தேங்காயும் இல்லாமல் இரண்டின் மணமும் வரும், பொறுத்திருக்கத் தெரிந்தால். எங்கள் நாட்டில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாக்களில் பழக வைப்பவர்களுக்கு மரம் பேசும் என்பது புதிதில்லை. மச்சானின் ரின்னைக் காய்ச்சியவர்களுக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தால் வனிலாவை இப்படிக் கொட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இனி இனிப்புக்கு வருவோம். எனக்கு இதில்தான் பெரிய ஆர்வம்.

பியர் காய்ச்சுகிறவருக்கும் ஈஸ்டுக்கும் நடப்பது ஒரு இழுபறி. ஊறி முளைவிட்ட பார்லியின் மாப்பொருள் சுடுநீரில் சீனியாக மாறுகிறது. ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று மதுசாரமாக்கி விடுகிறது. தின்ன விட்டால் இனிப்பு மிஞ்சாது. மிஞ்ச வைக்க இரண்டு வழி. ஒன்று, பார்லியை 68, 70 பாகை அளவில் ஊற வைப்பது. அப்போது ஈஸ்டால் கடிக்க முடியாத நீண்ட சீனிச் சங்கிலிகள் கூடுதலாகத் தங்கும். பியருக்குக் கனமும் வழவழப்பும் அதனால்தான். மற்றது லக்ரோஸ், பால்சீனி. பியர் ஈஸ்டுக்கு அதைத் தின்னத் தெரியாது, அதனால் போட்டது போட்டபடி இனிக்கும். இங்கிலாந்தின் கென்ட் பக்கம் மக்கேசன் ஆலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பால்சீனி போட்ட ஸ்ரவுட் விற்றது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த வகையை வாங்குமுன் ரின்னை வாசித்துப் பார்க்க வேண்டும், வயிறு படுத்தும்.

இதே இழுபறியைத்தானே எங்கள் ஊரில் பனை உச்சியில் முட்டி கட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிறார்கள்? பனஞ்சாற்றில் பத்து வீதத்துக்கு மேல் சீனி. வெறும் முட்டியில் இறங்கினால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும், கீழே வருவது கள்ளு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் ஈஸ்ட் தலையெடுக்காது, வருவது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. நடுவில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. சீனியை ஈஸ்டிடமிருந்து காப்பாற்றும் இந்த அறிவு சீவல் தொழிலாளரின் கையில் இருந்தது, இருக்கிறது. அதற்கு உரிய மரியாதையை இந்த ஊர் கொடுத்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே மதுவைப் பற்றிய பேச்சு இரண்டு வகைதான். ஒன்று பாவம், மற்றது வெறி. "எத்தினை வீதம், ஏறுமோ?" என்று கேட்பவர்களைத்தான் கடைவாசலில் பார்க்கலாம், எப்படி ருசிக்கும் என்று கேட்பவரைக் காணக் கிடைக்காது. குடியால் குலைந்த வீடுகள் என் ஒழுங்கையிலேயே உண்டு, அதை மறந்து நான் எழுதவில்லை. ஆனால் ருசியைக் கவனித்துக் குடிக்கிறவன் மெதுவாகவும் குறைவாகவும் குடிக்கிறான் என்பதை அந்த மேசையில் கண்டேன். ஒரு ரின்னோடு நாலு பேர் இரவுச் சாப்பாடு வரைக்கும் இருந்தோம்.

எங்கள் நாட்டு ஸ்ரவுட்டையே பாருங்கள். நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பியர் ஆலையின் வழிவந்தது லயன் ஸ்ரவுட். மதுசாரம் 8.8 வீதம். பாடகரில்லை, இங்கிலாந்தில் பியர் பற்றி எழுதிய இன்னொரு மைக்கல் ஜாக்சன் இருந்தார், 2007-இல் காலமானார். அவர் அதை ருசித்துப் புகழ்ந்து எழுதியதால் மேற்கு நாடுகளில் அதைத் தேடிக் குடிக்கிறார்கள். அதில் வனிலாவும் இல்லை, பால்சீனிப் பேச்சும் இல்லை. சொக்லேட்டும் உலர்ந்த பழமும் மணக்கும் அருமையான பியர். இங்கே அதை வாங்குகிறவர்களில் பலர் வாங்குவது அந்த 8.8-க்காகத்தான். கடும் குளிரில் இரண்டு மூச்சில் உள்ளே இறக்கிவிடுகிறார்கள். ஒருமுறை அதைச் சற்றுக் குளிர் இறங்க விட்டு, பனங்காய்ப் பணியாரத்தோடு மெல்லக் குடித்துப் பாருங்கள். பனங்களியின் அந்த லேசான கைப்பும் ஸ்ரவுட்டின் வறுவலும் ஒன்றையொன்று தூக்கிவிடும். பயற்றம் பணியாரமும் பொருந்தும், ஆனால் அதன் மா வாயில் காய்ந்துபோகிறது. எனக்கு முன்னதுதான் பிடிக்கும்.

மச்சானுக்கு ரொறன்ரோவில் பியர் காய்ச்சுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அங்கே சொந்தப் பாவனைக்கு வீட்டிலேயே காய்ச்சலாம், இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் முடியாது. பனங்கட்டி போட்டு ஒரு இம்பீரியல் ஸ்ரவுட் காய்ச்சச் சொல்ல வேண்டும் என்று அன்றிரவே பேசிக்கொண்டோம். பனங்கட்டி போட்டால் பியர் இனிக்கும் என்று மச்சான் நினைத்திருந்தார். இனிக்காது. பனங்கட்டியில் பெரும்பங்கு சாதாரணச் சீனிதான், ஈஸ்ட் அதை மிச்சம் வைக்காமல் தின்று மதுசாரத்தைக் கூட்டிவிடும். மிஞ்சப்போவது சீனி போன பிறகு பனங்கட்டியில் இருக்கும் மற்றதெல்லாம்: அடுப்புப் புகை, காய்ச்சும்போது வந்த கருகல், நாக்கின் ஓரத்தில் தட்டுப்படும் ஒரு உவர்ப்பு. எனக்கு வேண்டியதும் அதுதான். இனிப்பைப் பார்லியிடமிருந்து எடுக்கட்டும், பனையிடமிருந்து பனையின் மணத்தை எடுக்கட்டும்.

கொதி முடியும் நேரத்தில் போட வேண்டும். முன்கூட்டிப் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸ் பூவைக் குறைக்கக் கூடாது, கசப்பு நிற்க வேண்டும். லக்ரோஸ் வேண்டுமென்றால் கொஞ்சம் போடலாம். தேங்காய்ப்பூவை எண்ணெய் விடாமல் வறுத்துக் கடைசியில் ஊற வைக்கலாம். காய்ச்சியதை உடனே அடைத்துவிடாமல் சில மாதமாவது விட்டு வைக்கட்டும், மகாராணிக்குப் போன பியரை ஏழு வருடம் வைக்கலாம் என்றார்களே. இத்தனையும் ஒரு தாளில் எழுதி, நல்ல பனங்கட்டிக் குட்டான் கொஞ்சம் வாங்கி மச்சானின் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். வனிலா ஒரு துளிகூட வேண்டாம் என்று அடியில் கோடு போட்டும் எழுதியிருக்கிறேன்.